எண்ணெய்க் கிணற்றுக்கு எதற்கு நீராவி? சேலம் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் மாவட்டத்தில், பாகேவாலா எண்ணெய் வயலில் கிணற்றுக்குள் நீராவி செலுத்திக் கனத்த கச்சா எண்ணெயை எடுக்கிறார்கள் என்று சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு போட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டு எழுதியவர்களில் பெரும்பாலோர் சேலம் மாவட்டத்துக்காரர்கள். அரிசி ஆலை, சாயப்பட்டறை, அனல் மின் நிலையம் என்று பாய்லர் பக்கத்திலேயே புழங்குகிறவர்கள் என்பதால் கேள்விகள் நேராக விஷயத்துக்கு வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் ஆலையில் நெல் அவிக்க 10 கிலோ பிரஷர் பாய்லர் ஓட்டுகிறேன். மண்ணுக்கடியில் கிடக்கும் எண்ணெய்க்கு நீராவி கொடுத்தால் என்ன ஆகும்? வெந்நீர் விட்டால் போதாதா?
– ஆத்தூர் வாசகர்

பதில்: ஃபர்னஸ் ஆயிலில் ஓடும் பாய்லரைப் பார்த்திருந்தால் பாதி விடை உங்களிடமே இருக்கிறது. அந்த எண்ணெயை 100 டிகிரி வாக்கில் சூடாக்காமல் பர்னருக்கு அனுப்பினால் தூவாது. கட்டியாக விழுந்து புகை கக்கும். மண்ணடி எண்ணெய்க்கும் அதே சிக்கல்தான். தண்ணீரின் பாகுத்தன்மை, அதாவது ஓட மறுக்கும் குணம், 1 சென்டிபாய்ஸ். கனத்த எண்ணெய் ஒன்று 40 டிகிரியில் 10,000 சென்டிபாய்ஸ் இருக்கும். அது மணற்பாறையின் நுண்துளைகளில் ஒட்டிக்கொண்டு அசையவே அசையாது. 200 டிகிரிக்குச் சூடேற்றினால் அதே எண்ணெய் பத்து, இருபது சென்டிபாய்ஸுக்கு இறங்கிக் கிணற்றை நோக்கி ஓட ஆரம்பிக்கும்.

வெந்நீர் ஏன் போதாது? 40 பார் அழுத்தத்தில் தண்ணீர் 250 டிகிரியில் கொதிக்கிறது. அந்தச் சூட்டில் உள்ள ஒரு கிலோ தண்ணீரில் ஏறக்குறைய 260 கிலோகலோரி இருக்கும். அதையே முழுக்க ஆவியாக்கினால் மேற்கொண்டு 409 கிலோகலோரி ஏறும். இந்த 409-ஐ நீராவி பாறையில் படிந்து தண்ணீராகும்போது, சூடு ஒரு டிகிரிகூடக் குறையாமல், மொத்தமாகக் கொடுத்துவிடுகிறது. வெந்நீரோ கொடுக்கக் கொடுக்க ஆறிப்போகும். ஆகவே எண்ணெய் வயலில் காசு கொடுத்து வாங்குவது இந்த உள்ளுறை வெப்பத்தைத்தான். கீழே உள்ள பதில்களில் பாதி, அது வழியில் எங்கே தொலைகிறது என்பதைப் பற்றியவை.

கேள்வி: செலுத்திய கிணற்றிலேயே எண்ணெய் எடுப்பதாகப் போட்டிருந்தீர்கள். அது எப்படி?
– தாரமங்கலம் வாசகர்

பதில்: மூன்று கட்டம். முதலில் இரண்டு மூன்று வாரம் நீராவியை உள்ளே செலுத்துவார்கள். ஒரு சுற்றுக்கு ஆயிரம் டன்னிலிருந்து பல ஆயிரம் டன் வரை பிடிக்கும். பிறகு வால்வை அடைத்துச் சில நாள் ஊறவிடுவார்கள். அதன்பின் பம்பை இறக்கி மாதக்கணக்கில் எடுப்பார்கள். எண்ணெய் வரத்து குறைந்ததும் மறுபடி நீராவி. இந்த வழி 1959-இல் வெனிசுலாவின் மேனே கிராண்டே வயலில் தற்செயலாகப் பிடிபட்டது. செலுத்திய நீராவி தரையைப் பிளந்துகொண்டு மேலே வரவே, அழுத்தத்தைக் குறைக்கக் கிணற்றைத் திறந்துவிட்டார்கள். நீராவியோடு எண்ணெயும் நிறைய வந்தது.

இன்னொரு வகையில் சில கிணறுகளில் ஓயாமல் நீராவி செலுத்தி, சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் எடுப்பார்கள். கலிஃபோர்னியாவின் கெர்ன் ரிவர், சுமத்ராவின் டூரி, ஓமனின் முகைஸ்னா இவ்வகைக்குப் பேர்போனவை. கனடாவில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக, ஏறக்குறைய 5 மீட்டர் இடைவெளியில் இரண்டு கிடைமட்டக் கிணறுகள் போட்டு, மேல் கிணற்றில் நீராவி விட்டு, கீழ்க் கிணற்றில் வடிந்து சேரும் எண்ணெயை எடுக்கிறார்கள்.

ஊறவிடும் நாட்களைக் கணிப்பதில்தான் பலர் தப்புச் செய்வார்கள். சீக்கிரம் திறந்தால் ஆவியாகவே திரும்பி வந்துவிடும், வெப்பம் வீண். அதிக நாள் விட்டால் எண்ணெய் இல்லாத மேல், கீழ்ப் பாறைக்கெல்லாம் சூடு போய்விடும். கிணற்று வாயின் அழுத்தத்தைத் தினமும் குறித்து வந்தால் தெரியும்: முதலில் மளமளவென்று இறங்கும், பிறகு இறக்கம் தணியும். தணிந்தபின் காத்திருப்பதில் பலன் குறைவு. திறந்த முதல் நாட்களில் பம்பு ‘கேஸ் லாக்’ ஆவதும் வழக்கம். கொதிநிலைக்கு ஒட்டிய சூட்டில் இருக்கும் தண்ணீர், பம்பின் உறிஞ்சு வாயில் அழுத்தம் குறைந்தவுடன் குப்பென்று ஆவியாகிவிடும்; பம்பு வெறும் ஆவியையே அமுக்கிக்கொண்டிருக்கும். ஸ்ட்ரோக்கைக் குறைப்பதும் கேசிங் (கிணற்றுச் சுவராக இறக்கிய வெளிக்குழாய்) பக்கம் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதும் இதற்கு வழி.

கேள்வி: நீராவியை ‘பேரல்’ கணக்கில் சொல்கிறார்களே, ஆவியை எப்படிப் பீப்பாயில் அளக்க முடியும்?
– சங்ககிரி வாசகர்

பதில்: அந்த நீராவி ஆவதற்குப் பிடித்த குளிர்ந்த தண்ணீரின் அளவு அது. ஒரு பேரல் 159 லிட்டர். நூறு பேரல் நீராவி என்றால் சுமார் 16 டன். ஒரு பேரல் எண்ணெய் எடுக்க எத்தனை பேரல் நீராவி செலவானது என்பதுதான் இந்தத் தொழிலின் லாப நட்டக் கணக்கு. ஒரு பேரல் எண்ணெயை எரித்தால் 13, 14 பேரல் நீராவிதான் தயாரிக்க முடியும். விகிதம் 3, 4 என்றால் நல்ல வயல். 7-ஐத் தாண்டினால் கிடைக்கும் எண்ணெயில் பாதிக்குமேல் அடுப்புக்கே போன கணக்கு.

கேள்வி: மேட்டூர் அனல் மின் நிலையத்தில் 500 டிகிரிக்கு மேல் சூப்பர்ஹீட் செய்த நீராவியைத்தான் பார்த்துப் பழக்கம். எண்ணெய் வயலில் 20 சதவீதம் தண்ணீர் கலந்த ஈர ஆவியை வேண்டுமென்றே தயாரிக்கிறார்களாமே, ஏன்?
– மேட்டூர் அணை வாசகர்

பதில்: உங்கள் நிலையத்தில் டர்பைன் சுழல வேண்டும், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட பிளேடை அரிக்கும். பாறைக்கு அந்தப் பயம் இல்லை. சூப்பர்ஹீட்டால் கூடுதலாக ஏறும் வெப்பமும் உள்ளுறை வெப்பத்தோடு ஒப்பிட்டால் குறைவுதான்.

உண்மையான காரணம் தண்ணீர். நீங்கள் டிஎம் பிளான்ட்டில் உப்பு முழுக்க நீக்கிய தண்ணீர் விடுகிறீர்கள். எண்ணெய் வயலில் எண்ணெயோடு சேர்ந்து வந்த உப்புத் தண்ணீரையே சுத்தம் செய்து திரும்ப விடுவார்கள். அதில் லிட்டருக்குச் சில ஆயிரம் மில்லிகிராம் உப்பு மிச்சமிருக்கும். அங்கே பாய்லரில் டிரம் (தண்ணீரும் ஆவியும் பிரியும் உருளைத் தொட்டி) கிடையாது. ஒரு முனையில் தண்ணீர் புகுந்து மறுமுனையில் ஆவியாக வெளிவரும் ஒற்றைப் பாதைக் குழாய்தான். உப்பேறிய தண்ணீரை வெளியேற்ற (புளோ டவுன்) இடமே இல்லாததால், உப்பைக் கரைத்து இழுத்துச் செல்ல அந்த 20 சதவீதத் தண்ணீர் வேண்டும். ஃபீட் வாட்டரில் (பாய்லருக்குள் விடும் தண்ணீரில்) 5,000 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 5,000 மில்லிகிராம், உப்பு இருந்தால், 80 சதவீதம் ஆவியானதும் மிச்சத் தண்ணீரில் 25,000 ஆகிறது. 90 சதவீதம் வரை காய்ச்சினால் 50,000. 95 சதவீதம் என்றால் ஒரு லட்சம். அதற்குமேல் குழாயின் உட்சுவரில் எங்காவது காய்ந்த திட்டு உண்டாகி உப்பு படியும். உலோகம் பழுத்து, உப்பி, வெடிக்கும்.

சோடியம் உப்பைக் கரைந்த நிலையில் வைத்துச் சமாளிக்கலாம். கால்சியம், மக்னீசியத்தை முடியாது. அதனால் கடினத்தன்மை 1 பிபிஎம்முக்கும் கீழே, கிட்டத்தட்ட சுழியமாக இருக்க வேண்டும். சாதாரண உப்புநீர் சாஃப்ட்னர் நல்ல தண்ணீருக்குச் சரி. உப்பு மிகுந்த தண்ணீரில் சோடியமே ரெசினை (கடினத்தன்மையை உறிஞ்சும் மணிகளை) பிடித்துக்கொள்வதால் கால்சியம் நழுவி வந்துவிடும். அங்கே வீக் ஆசிட் வகை ரெசின் போட்டு, ஆசிடாலும் காஸ்டிக்காலும் ரீஜெனரேட் செய்வார்கள். ஆக்சிஜனைப் போக்கச் சோடியம் சல்ஃபைட். எரியோகுரோம் பிளாக் டி இட்டுப் பார்க்கும் டெஸ்ட்டில் நீலம் வர வேண்டும். துளி சிவப்புச் சாயல் தெரிந்தாலும் அந்த வெசலை வரிசையிலிருந்து விலக்கிவிட வேண்டும். ‘அடுத்த ஷிஃப்ட் பார்த்துக்கொள்ளும்’ என்று விட்டதால் போன குழாய்கள்தான் இந்தத் தொழிலில் அதிகம்.

கேள்வி: நான் பாலிடெக்னிக் மாணவன். கிணற்று வாயில் 60 பார் அழுத்தமும் 275 டிகிரி வெப்பமும் கேஜில் தெரிந்தால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளலாமா? கிணற்றுக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதை எப்படிக் கண்காணிக்கிறார்கள்?
– சேலம், அம்மாப்பேட்டை வாசகர்

பதில்: எடுத்துக்கொள்ளக் கூடாது. ஈர ஆவியில் அழுத்தம் தெரிந்தால் வெப்பநிலை தானே தெரிந்துவிடும். இரண்டு கேஜும் ஒரே செய்தியைத்தான் இரண்டு முறை சொல்கின்றன. 60 பாரில் 80 சதவீதம் உலர்ந்த ஆவியும் (எடையில் 80 சதவீதம் ஆவி, மீதி தண்ணீர்) 275 டிகிரிதான், 40 சதவீதமும் 275 டிகிரிதான். முதலாவதில் கிலோவுக்கு 590 கிலோகலோரி, இரண்டாவதில் 440. பாறையில் படிந்து கொடுக்கும் உள்ளுறை வெப்பத்தை மட்டும் பார்த்தால் 300-க்கு 150, சரிபாதி. முள் அசையாது.

உலர்வைக் கண்டுபிடிக்க மலிவான வழி குளோரைடு. உப்பு ஆவியில் ஏறாது, தண்ணீரிலேயே தங்கும். ஃபீட் வாட்டரில் 300 பிபிஎம் குளோரைடு, பாய்லர் வெளிவாயில் ஆவியிலிருந்து பிரித்தெடுத்த தண்ணீரில் 1,500 பிபிஎம் என்றால், 300-ஐ 1,500-ஆல் வகுக்க 0.2 வருகிறது. 20 சதவீதம் தண்ணீர், 80 சதவீதம் ஆவி. சாம்பிளைக் கூலர் சுருள் வழியாகவே எடுக்க வேண்டும். ஆவியும் கொஞ்சம் சேர்ந்து குளிர்ந்து விழுந்தால் குளோரைடு குறைவாகக் காட்டி, உலர்வையும் குறைத்துக் காட்டும்.

ஆனால் இந்தக் கணக்கை ‘டீ’ (மூன்று வாய் உள்ள குழாய் இணைப்பு) போட்டுப் பிரிந்த பிறகு உள்ள லைனில் நம்பாதீர்கள். ஈர ஆவி ஒரு டீயில் பிரியும்போது தண்ணீரும் ஆவியும் சமமாகப் பிரிவதில்லை. தண்ணீர் கனமானது, நேராகவே ஓடப் பார்க்கும். ஆவி சட்டென்று கிளைக்குத் திரும்பிவிடும். ஒரு கிணற்றுக்கு 90 சதவீத ஆவியும் பக்கத்துக் கிணற்றுக்கு 50 சதவீதமும் போகலாம். இரண்டிலும் தண்ணீரை எடுத்துச் சோதித்தால் குளோரைடு ஒன்றாகவே இருக்கும், ஏனென்றால் பிரிந்தது ஒரே தண்ணீர். இங்கே ஒவ்வொரு கிணற்றுக்கும் ஆரிஃபிஸ் பிளேட் (நடுவில் துளையிட்ட தகடு) ஒன்றும், அதற்குப் பின் சோக் (ஓட்டத்தைக் குறுக்கும் ஒடுங்கிய வழி) ஒன்றும் வைப்பார்கள். ஆரிஃபிஸின் அழுத்த வேறுபாடு ஒரு சமன்பாடு, சோக்கின் முன்னழுத்தம் இன்னொன்று. ஓட்டம், உலர்வு என்ற இரண்டு தெரியாதவையும் கிடைத்துவிடும். கூடியவரை டீயின் இரு கிளைகளும் ஒரே மாதிரி அமையும்படி குழாய் போட்டால் சிக்கலே பாதியாகும்.

அடுத்த இழப்பு கிணற்றுக்குள். 500 மீட்டர் ஆழம், மீட்டருக்கு 400 வாட் இழப்பு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 200 கிலோவாட், அதாவது மணிக்கு 1,72,000 கிலோகலோரி. 60 பாரில் அது 460 கிலோ ஆவியைத் தண்ணீராக்கிவிடும். மணிக்கு 5 டன் செலுத்தினால் இது 9 சதவீத உலர்வு. 1 டன் மட்டும் செலுத்தினால் 46 சதவீதம்! இழப்பு ஆழத்தையும் சூட்டையும் பொறுத்தது, ஓட்டத்தைக் குறைத்தால் அது குறையாது. கையில் இருக்கும் ஆவியைப் பத்துக் கிணறுகளுக்குப் பங்கு போடுவதைவிட மூன்று கிணறுகளுக்கு நன்றாகக் கொடுத்துவிட்டு அடுத்த மூன்றுக்குப் போவது நல்லது என்பது எங்கள் கருத்து. ஆழமான கிணறுகளில் இரட்டைச் சுவருக்கு நடுவே வெற்றிடம் உள்ள டியூபிங் (நீராவி இறங்கும் உள்குழாய்) போடுவார்கள். அதோடு டியூபிங்குக்கும் கேசிங்குக்கும் இடையில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தேங்கினால் அது கொதித்து ஏறிக் குளிர்ந்து இறங்கி, வெப்பத்தைக் கேசிங்குக்குக் கடத்திக்கொண்டே இருக்கும். நைட்ரஜனால் அதை வெளியேற்றுவார்கள்.

அடியில் பார்க்க, வெப்பம் தாங்கும் உறைக்குள் வைத்த கருவியைக் கம்பியில் இறக்கி அழுத்தம், வெப்பநிலை, ஓட்டம் மூன்றையும் ஆழத்தோடு பதிவு செய்வார்கள். அந்த அழுத்தத்துக்குரிய கொதிநிலையைவிட வெப்பநிலை எங்கே கீழே விழுகிறதோ, அதற்குக் கீழ் வெறும் வெந்நீர்தான். நிரந்தரமாக வேண்டுமென்றால் கண்ணாடி இழை ஒன்றைக் கிணறு நெடுக இறக்கிவிட்டு, அதில் ஒளித்துடிப்பு அனுப்பி மீட்டருக்கு மீட்டர் வெப்பநிலை வாங்கலாம். கிணற்றை மூடியபின் எடுக்கும் பதிவு இன்னும் பயன்படும்: ஆவி குடித்த மணல் அடுக்கு சூடாகவே இருக்கும், குடிக்காதது ஆறிவிடும். 30 மீட்டர் அடுக்கில் மேல் 5 மீட்டர் மட்டும் மொத்த ஆவியையும் விழுங்கியிருப்பது அடிக்கடி காணும் கோளாறு. ஒளி இழைக்கும் ஆயுள் குறைவுதான். சூட்டில் ஹைட்ரஜன் கண்ணாடிக்குள் புகுந்து அது கறுத்துப்போகும்.

எண்ணெய் எடுக்கும் கிணற்றையும் கவனியுங்கள். வரும் தண்ணீரின் குளோரைடு படிப்படியாகக் குறைந்தால், உப்பில்லாத ஆவித் தண்ணீர் எட்டிவிட்டது என்று பொருள். பிறகு வெப்பநிலை திடீரென்று தாவினால் ஆவியே நேர்வழி கண்டுபிடித்துவிட்டது. குளோரைடு முன்கூட்டியே எச்சரிக்கும். வாரம் ஒரு சாம்பிள் போதும், செலவும் இல்லை. ஆனாலும் பல இடங்களில் முதலில் நிறுத்தப்படுவது இந்தச் சோதனைதான்.

கேள்வி: உருக்காலையில் வேலை செய்தவன் என்ற முறையில் கேட்கிறேன். இவ்வளவு சூட்டில் கேசிங் பைப் நீளாதா? சிமென்ட் விரிசல் விடாதா?
– சேலம் வாசகர்

பதில்: நீளும். எஃகு ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டருக்கு 0.012 மில்லிமீட்டர் நீள்கிறது. 1,000 மீட்டர் டியூபிங் 250 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் 3 மீட்டர் நீளும். டியூபிங்கை ஸ்லிப் ஜாயின்ட் போட்டு நீளவிடலாம். கேசிங் சிமென்ட்டில் பிடிபட்டிருக்கிறதே! நீள முடியாததால் உள்ளுக்குள்ளேயே அழுத்தம் ஏறும், டிகிரிக்குச் சுமார் 2.4 மெகாபாஸ்கல். என்-80 என்ற கேசிங் ரக எஃகின் நெகிழ்வு எல்லை (தாண்டினால் எஃகு பழைய நிலைக்குத் திரும்பாது) 552 மெகாபாஸ்கல். 230 டிகிரி ஏறினால் எல்லை தொட்டாயிற்று. கே-55 ரகம் என்றால் 160 டிகிரிக்குள்ளேயே.

எல்லையைத் தாண்டி அமுங்கிய எஃகு, நீராவியை நிறுத்தி ஆறும்போது சுருங்கப் பார்க்கும். இப்போது இழுவிசை வரும். பெரும்பாலான கேசிங்குகள் மரை இணைப்பில் கழன்றோ அறுந்தோ போவது இந்த ஆறும் கட்டத்தில்தான். ஆகவே அவசரமாகக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக் கிணற்றை அடக்குவது ஆகாது. சூடேற்றும்போதும் முதல் ஒன்றிரண்டு நாள் ஓட்டத்தைக் குறைத்தே வைப்பார்கள். பிரீமியம் மரை, சிமென்ட் போடும்போதே கேசிங்கை இழுத்துப் பிடித்தல் ஆகிய இரண்டும் உதவும்.

சாதாரண சிமென்ட் 110 டிகிரிக்கு மேல் வலுவிழந்து நீர் கசிய ஆரம்பிக்கும். அதைத் தடுக்க சிமென்ட் எடையில் 35 முதல் 40 சதவீதம் சிலிக்கா மாவு சேர்க்க வேண்டும். சிமென்ட் அடியிலிருந்து தரைமட்டம் வரை விடாமல் ஏறியிருக்க வேண்டும்; நடுவில் பத்து மீட்டர் காலியாக இருந்தாலும் அங்கே பைப் வளைந்து நெளியும்.

கேள்வி: சேர்வராயன் மலைக்கு அடியில் எண்ணெய் இருக்குமா? இங்கும் இப்படித் தோண்டுவார்களா?
– ஏற்காடு வாசகர்

பதில்: இருக்காது. எண்ணெய் படிவுப் பாறைகளில் உண்டாகித் தங்குவது. சேர்வராயன் மலை சார்னோகைட் என்ற பழம்பெரும் கடும்பாறை. உச்சியில் பாக்சைட், அடிவாரத்தில் மேக்னசைட், அவ்வளவுதான். தமிழ்நாட்டில் எண்ணெய் இருப்பது காவிரிப் படுகையில், நரிமணம் போன்ற இடங்களில். அது நீராவி கேட்கும் கனத்த எண்ணெய் அல்ல. அந்த டெல்டாவையும் 2020-இல் சட்டம் போட்டுப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கியாயிற்று. குஜராத்தின் மேசானா பகுதியில் பாலோல், சாந்தால் வயல்களில் கனத்த எண்ணெய் உண்டு. அங்கே காற்றைச் செலுத்தி எண்ணெயின் ஒரு பகுதியை மண்ணடியிலேயே எரித்து மீதியை இளக்குகிறார்கள்.

கேள்வி: தரையைப் பிளந்துகொண்டு வரும் என்றால் ஆபத்தான வேலை அல்லவா?
– ஓமலூர் வாசகர்

பதில்: ஆபத்துதான். மேலே உள்ள மண், பாறையின் பாரம் மீட்டருக்கு ஏறக்குறைய 0.22 பார். 300 மீட்டர் ஆழத்தில் 66 பார். செலுத்தும் அழுத்தம் இதை நெருங்கினால் மூடுபாறை விரிசல் விடும். கனடாவின் ஆல்பர்ட்டாவில் 2006-இல் ஆழம் குறைந்த ஒரு வயலில் ஆவி தரையைப் பிய்த்துக்கொண்டு வெளியேறிப் பெரும்பள்ளம் உண்டாக்கியது. கலிஃபோர்னியாவின் மிட்வே-சன்செட் வயலில் 2011-இல் சூடான சேறு நிறைந்த தரை உள்வாங்கி ஒரு தொழிலாளி இறந்தார். வரம்பு அழுத்தத்துக்குக் கீழே வைப்பது, தரை மேலெழுவதைச் சாய்வுமானியாலும் செயற்கைக்கோள் ரேடாராலும் அளப்பது, கைவிடப்பட்ட பழைய கிணறுகளை முன்கூட்டியே ஒழுங்காக அடைப்பது ஆகியவை கட்டாயம். பழைய கிணறு ஆவிக்குத் திறந்த கதவு. இன்னொரு கண்காணிப்பு: ஓட்டம் ஏறி அழுத்தம் திடீரென்று இறங்கினால் ‘கிணறு நன்றாகக் குடிக்கிறது’ என்று சந்தோஷப்படாதீர்கள், நிறுத்திவிட்டு விசாரியுங்கள்.

கந்தகம் உள்ள எண்ணெய் 200 டிகிரிக்கு மேல் நீராவியோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகும். அழுகிய முட்டை நாற்றம் வரும், ஆனால் 100 பிபிஎம் அளவில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைத்து உள்ளே போகிறவர்தான் விழுவார். சட்டைப்பையில் மானிட்டர் இல்லாமல் கிணற்றடிக்குப் போகக் கூடாது.

கேள்வி: செகண்ட் கிளாஸ் பாய்லர் அட்டெண்டன்ட் சர்டிஃபிகேட் வைத்திருக்கிறேன். ஓமனில் நீராவி வயலில் வேலை என்று ஒருவர் சொல்கிறார். இங்கே படித்தது அங்கே உதவுமா?
– மகுடஞ்சாவடி வாசகர்

பதில்: எரிப்பு, பர்னர், சேஃப்டி வால்வு, தண்ணீர்ச் சோதனை இவையெல்லாம் உதவும். ஒன்றை மட்டும் மாற்றிப் பழக வேண்டும். உங்கள் கண் கேஜ் கிளாஸில் தண்ணீர் மட்டத்தைத் தேடும். ஒற்றைப் பாதை பாய்லரில் அது கிடையவே கிடையாது. அங்கே உயிர்நாடி ஃபீட் பம்பின் ஓட்டம். முதலில் தண்ணீர் ஓட்டத்தை நிலைப்படுத்தி, பிறகு ஃபர்னஸில் காற்றடித்துப் பர்ஜ் செய்து, அதன்பின்தான் நெருப்பு. ஓட்டம் குறைந்தால் டிரிப் ஆகி பாய்லரை நிறுத்த வேண்டிய இன்டர்லாக்கை (தானியங்கிப் பாதுகாப்பை) ‘சும்மா டிரிப் ஆகிறது’ என்று யாராவது பைபாஸ் செய்திருந்தால், அந்த பாய்லரைப் பற்ற வைக்க மறுத்துவிடுங்கள். குழாயின் மேற்பரப்பு வெப்பநிலையை இடத்துக்கு இடம் எழுதி வையுங்கள். அழுத்தமும் ஓட்டமும் மாறாமல் ஒரு இடத்தில் மட்டும் அது நாளுக்கு நாள் ஏறினால் உள்ளே ஸ்கேல் (உப்புப் படிவு) பிடிக்கிறது.

வேலைக்கு அழைப்பவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்டா என்று இ-மைகிரேட் இணையதளத்தில் பாருங்கள். சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தான். அதற்கு மேல் கேட்டால் பணத்தைக் கொடுக்காதீர்கள். ரசீது வாங்காமல் பாஸ்போர்ட்டையும் கொடுக்காதீர்கள்.